சிவப்புக்குக் கட்டம் இல்லை

மழை ஓய்ந்து பனி இறங்கும் பருவம். ஊர் ஒரு பெரிய மௌனத்துக்குள் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. ஓடைகள் ஆரவாரம் குறைந்து, தம் கரைகளுக்குள் ஒடுங்கி நடந்தன. மரங்கள் இலை நுனியில் துளிகளைச் சேர்த்துவைத்து, நெடுநேரம் தயங்கி, ஒன்றே ஒன்றை மட்டும் மண்ணுக்கு ஈந்தன. கதிரவன் எழுவதில் அவசரம் காட்டவில்லை. எழுந்த பின்னும் ஒளியைத் தந்தானேயன்றி வெம்மையைத் தரவில்லை. துணையைப் பிரிந்தவர் நடுங்கும் காலம் என்று பழம்பாடல்கள் இப்பருவத்தைச் சொல்லும். பிரியாதவரும் நடுங்கினர். வியர்வையாய் வெளியேற வழியற்ற உடல்நீர் எல்லாம் அடிவயிற்றை நோக்கி இறங்கிற்று. ஐம்பதைக் கடந்தோர் போர்வைக்குள் விழித்துக் கிடந்து, எழுவதா கிடப்பதா என்று தமக்குள்ளே வழக்காடினர்.

அத்தகைய ஒரு விடியலில், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகளாக மின்தூக்கி இயக்கிவந்த ஒருவர், தம் வீட்டுக் கழிப்பறையில் நின்று, கீழே குனிந்து பார்த்து, சிவப்பைக் கண்டார்.

லிஃப்ட்காரர் என்பதே அவருக்கு ஊரார் இட்ட பெயர். இரும்புப் பெட்டிக்குள் ஒரு முக்காலி, ஒரு பித்தளை விசைப்பிடி, ஒரு மணி. இவையே அவருடைய உலகம். கழிப்பறை தரைத்தளத்தின் பின்கட்டில் இருந்தது. அங்கே போக எண்ணும்போதெல்லாம் ஏதேனும் ஒரு மாடியில் மணி அடிக்கும். ஆகவே மூன்றாம் மாடியில் தோன்றிய எண்ணத்தை ஏழாம் மாடிக்குள் மறக்க அவர் பழகிக்கொண்டார். ஒவ்வொரு காலையும் முதற்பயணத்துக்கு முன் விசைப்பிடியின்மேல் உள்ளங்கையை வைத்து, தாயார் கற்பித்த துதி ஒன்றை உதடு அசையாமல் சொல்வார். ஏறியவர் யாவரும் நலமே இறங்க வேண்டும் என்பது அதன் பொருள். தமக்கென்று அதில் அவர் எதுவும் கேட்டதில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்பே நீர் பிரிகையில் எரிச்சல் தொடங்கியிருந்தது. அப்போது மனைவி, கடைத்தெருவில் மூலிகை விற்கும் அம்மாளிடம் நெருஞ்சி முள் வாங்கிவந்து, இடித்து, நீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சிக் கொடுத்தாள். பிற்பகலில் பார்லிக் கஞ்சித் தெளிவு. எரிச்சல் தணிந்தது. ஆனால் சிவப்பு வேறு. சிவப்பைக் கேள்விப்பட்டதும் அந்த மூலிகைக் கடைக்கார அம்மாள், கொடுத்த பொட்டலத்தைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

"எரிச்சல்னா என்கிட்ட வாங்க. உடம்புச் சூடுன்னா வாங்க. சிவப்பாப் போகுதுன்னா இங்கே நிக்காதீங்க. உள்ளே என்ன இருக்குன்னு படம் எடுத்துப் பார்க்கணும். நெருஞ்சி முள்ளுக்குக் கண்ணு கிடையாதும்மா."

மனைவி வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, "என்னங்க, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள்.

"நேரா விட மாட்டாங்க. எங்க கட்டடத்து ஆளுங்க முதல்ல மூலிகைக் கழகத்துக்குப் போகணும். அங்கே விடுகைச் சீட்டு குடுத்தாத்தான் பெரிய ஆஸ்பத்திரியில படம்."

"அப்ப கழகத்துக்குப் போங்க."

"போறேன்."

"எட்டு நாளா இதையேதான் சொல்றீங்க" என்றாள் அவள் எட்டாம் நாள் இரவு.

அந்த எட்டு நாளும் அவர் ஒரு சொல்லை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டார். அவர் மாமனாரைக் கொண்டுபோன நோயின் பெயர் அது. நினைக்காமல் இருப்பதற்கு நாள் முழுதும் நினைவாக இருக்க வேண்டியிருந்தது.

நீர்த்தாரை நல மரபு மூலிகைக் கழகம் நான்கு மாடிகளோடு நின்றது. விடியலுக்கு முன்னரே வர வேண்டும் என்பது அதன் விதி. லிஃப்ட்காரர் ஐந்தரை மணிக்குப் போனபோது எண் இட்ட பலகைகளில் முப்பது பேர் ஏற்கெனவே அமர்ந்திருந்தனர். எல்லார் முகத்திலும், தேர்வு அறையில் வினாத்தாளுக்குக் காத்திருப்பவரின் வெளிறல். எதிர்ச்சுவரில் ஆளுயரப் பலகை ஒன்று: 'நாளின் முதல் நீரே மெய்ந்நீர். அது அலுவலர் முன்னிலையிலேயே அளிக்கப்படும்.'

இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிய வாயிற்காவலர் அவருக்கு எண் கொடுத்தார்.

"அலுவலர் எப்ப வருவாங்க?"

"பத்து மணிக்கு."

"இப்ப அஞ்சரைதானே ஆகுது."

"ஆமா."

"அதுவரைக்கும்… அவசரம்னா?"

"அவசரப்படக் கூடாதுன்னுதான் கழிப்பறையைப் பூட்டி முத்திரை வச்சிருக்கோம்" என்றார் காவலர் மிகுந்த பரிவோடு. "போன வருஷம் ஒருத்தர் திருட்டுத்தனமாப் போயிட்டு வந்து, இரண்டாவது நீரை முதல் நீர்னு குடுத்துட்டாரு. பெரிய விசாரணையாப் போச்சு."

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் வெள்ளை அங்கி அணிந்த வரவேற்புப் பிரிவினர் ஒரு தட்டோடு வந்தனர். அதில் மூன்று குவளைகள். முதலாவதில் நெருஞ்சிக் கசாயம்; இரண்டாவதில் சோளக் கதிர் நார் ஊறிய நீர்; மூன்றாவதில் பார்லி. மூன்றும் நீரைப் பெருக்கி இறக்குவதில் பெயர்பெற்றவை.

"இதைக் குடிச்சா…" என்று அவர் தொடங்கினார்.

"நல்லா இறங்கும்" என்றார் பணியாளர்.

"பூட்டியிருக்கே."

"பூட்டு வேற பிரிவு, ஐயா. நாங்க வரவேற்பு. மாசம் மூவாயிரம் குவளை குடுத்தாகணும். குடிக்காதவங்க பேரு வராதவங்க பட்டியலுக்குப் போயிடும்."

அவர் குடித்தார். பக்கத்துப் பலகையில் இருந்த பெண்மணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் ஊசிக்குத்துத் தழும்புகள், தோளில் அளவுநாடா. இரவு வேலை முடித்துத் தையல்கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். "அண்ணே, முதல் தடவையா?" என்றாள் மெதுவாக.

"ஆமாக்கா."

"வலது காலை இடது மேலே போடுங்க. போட்டுட்டு மாத்தாதீங்க. மாத்துறப்பதான் ஆபத்து."

அவர் அவ்வாறே செய்தார். சற்று நேரம் கழித்து, "உங்களுக்கு என்னக்கா?" என்று கேட்டார்.

"சிவப்பு" என்றாள் தையல்கார அக்கா. "மூணாவது தடவையா வர்றேன். போன ரெண்டு தடவையும் பொன்னிறம்னு எழுதிட்டாங்க. நான் நூல் பார்த்துப் பார்த்துக் கண்ணு போனவ, அண்ணே. எனக்குச் சிவப்பு நூலும் மஞ்ச நூலும் தெரியாதா?"

அவருடைய அடிவயிற்றில் ஏதோ குளிர்ந்தது. அது கசாயமாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டார்.

மணி ஏழாயிற்று, எட்டாயிற்று. பலகைகளில் இருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிட்டனர். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் முப்பது தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. ஒன்பதரைக்கு, அன்று கழகத்தின் நிறுவன நாள் என்பதும், நீர் அளிப்பதற்கு முன்பு தலைவரின் உரை உண்டு என்பதும் அறிவிக்கப்பட்டன.

கழகத் தலைவர் பொன்னாடை போர்த்தியபடி மேடை ஏறினார். நெடிய உருவம், மெலிந்த கழுத்து, கண்ணுக்குக் கீழே கருவளையம். எல்லாரும் காண மூன்று குவளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பருகினார். முன்மாதிரி என்று கைதட்டினார்கள். பிறகு உரை தொடங்கிற்று.

"பெரியோர்களே, நீர் என்பது என்ன? மலையுச்சியில் பிறக்கிறது. பாறைகளில் மோதுகிறது. அருவியாய் விழுகிறது. காட்டாறாய்ப் பெருக்கெடுக்கிறது. அணைகள் அதைத் தடுக்க முடியுமா? முடியாது. மதகு திறக்கிறது, நீர் பாய்கிறது…"

மூன்றாம் வரிசையில் ஒரு முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். தையல்கார அக்கா அளவுநாடாவைக் கைவிரல்களில் இறுகச் சுற்றினாள்.

"நம் கழகத்தில் இன்றுவரை ஒரு நோயாளிகூட மரணமடைந்ததில்லை" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "நிலை மோசமானவர்களின் பெயரை முன்கூட்டியே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடும் ஒழுக்கத்தை நாம் வழுவாமல் காத்துவருகிறோம். சென்ற ஆண்டு நாம் மேற்கொண்ட சீர்திருத்தத்தால் சிவப்பு நீர் என்னும் குறைபாடு முற்றிலும் ஒழிந்தது. நான்காம் மாடியில் கண்ணாடிக் குப்பியில் வைக்கப்பட்டுள்ள ஒப்புநீரை நீங்கள் அறிவீர்கள். அது அடியேனுடையது. உங்கள் ஒவ்வொருவரின் நீரும் அதனோடுதான் ஒப்பிடப்படுகிறது. ஆண்டுதோறும் இந்நாளில் நானே தனியாகச் சென்று அதைப் புதுப்பிக்கிறேன். அதற்காகவே, உங்களைப் போலவே நானும் விடியலிலிருந்து காத்திருக்கிறேன்."

காத்திருக்கிறேன் என்னும் சொல்லில் அவர் குரல் இலேசாக நடுங்கிற்று. லிஃப்ட்காரருக்கு அது தெரிந்தது. பெட்டிக்குள் நின்று இருபத்தொன்பது ஆண்டுகள் பிறர் முகம் பார்த்தவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் அவர் தம் அவஸ்தையில் இருந்தார். உரை பதினொன்றுக்கு முடிந்தது.

பரிசோதனை அறையில் ஒரு நீண்ட மேசை. அதன் பின்னே மூவர். முதலாமவர் துளியிடுவோர், நீர் நிறைந்த குடுவைக்குள் சிறு குச்சியால் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவது அவர் பணி. இரண்டாமவர் வடிவம் காண்போர். துளி பாம்புபோல் நீளுமா, மோதிரம்போல் வளையுமா, முத்துப்போல் நிற்குமா என்று பார்த்து உடலில் எது மிகுந்தது என அறிவது பழைய முறை. அந்த முறை பொறுமையானது. அதைக் கண்டவர்கள் ஒரு தனி மனிதனின் முகத்தையும் நாக்கையும் நாடியையும் உடன் பார்த்தார்கள். இம்மூவரும் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாமவர் நிறம் எழுதுவோர்.

லிஃப்ட்காரர் திரைக்குப் பின் சென்று, கடைசியில் விடுதலை பெற்று, கண்ணில் நீர் வழியக் குடுவையோடு வந்தார். குடுவையை மேசைமேல் வைத்தபோது அறையின் ஒளி அதனூடே சென்று வெள்ளை விரிப்பில் விழுந்தது. விழுந்த நிழல் மாதுளைச் சாற்றின் நிறமாக இருந்தது.

எண்ணெய் விடப்பட்டது.

"பாம்பு" என்றார் வடிவம் காண்போர்.

"எனக்கு மோதிரமாத் தெரியுது" என்றார் துளியிடுவோர்.

"நீங்க துளி விடறவர். பார்க்கறது என் வேலை."

"நான் விட்ட துளி எனக்குத் தெரியாதா?"

அதற்குள் துளி நகர்ந்து விளிம்பில் ஒட்டிக்கொண்டது. மூவரும் கலந்து பேசினர். பாம்பாகி, மோதிரமாகி, முத்தாகும் முயற்சியில் உள்ளது என ஒருமனதாக எழுதப்பட்டது. பிறகு நிறம் எழுதுவோர் படிவத்தை இழுத்துக்கொண்டு, எழுதும் தூவலை நிறக் கட்டங்களில் தேனின்மேல் ஒரு கணமும் ஆழ்ந்த பொன்னின்மேல் ஒரு கணமும் நிறுத்தி, ஆழ்ந்த பொன் என்னும் கட்டத்தில் குறியிட்டார்.

லிஃப்ட்காரர் படிவத்தை எட்டிப் பார்த்தார். "ஐயா, அது சிவப்பு."

"தெரியுது."

"அப்ப சிவப்புன்னு எழுதுங்க."

"எழுதலாமே. எங்கே எழுதறது?" அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "வெண்மை, வைக்கோல், பொன், ஆழ்ந்த பொன், தேன். அஞ்சு கட்டம். இதுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நாங்க யாரையும் வற்புறுத்தறதில்லை."

"முன்னே சிவப்புக்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சாமே?"

"இருந்தது. ஆறாவது. அது இருந்த வரைக்கும் மாசம் பத்துப் பேர் அதுல விழுந்துட்டே இருந்தாங்க. எடுத்தப்புறம் ஒருத்தர்கூட இல்லை. எவ்வளவு முன்னேற்றம் பாருங்க."

"எனக்கு விடுகைச் சீட்டு வேணும், ஐயா. படம் எடுக்கணும்."

"சிவப்பு நீருக்குத்தான் விடுகைச் சீட்டு. உங்களுது ஆழ்ந்த பொன். நாற்பத்தெட்டு விடியல் வந்து கசாயம் குடிங்க. நிறம் மாறலைன்னா இன்னொரு நாற்பத்தெட்டு." அவர் ஒரு புதிய வெற்றுக் குடுவையை நீட்டினார். "இது நாளைக்கு. உடைக்காம வச்சுக்கோங்க."

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றார் லிஃப்ட்காரர். நாற்பத்தெட்டு விடியல். இவ்வளவு நாளும் நினைக்காமல் காத்த சொல் இப்போது வாய்வரை வந்து நின்றது. மாமனாருக்கும் முதலில் யாரோ நாற்பது நாள் என்றுதான் சொன்னார்கள். நாற்பதாம் நாள் அவர் பாயை விட்டு எழவில்லை. லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தையல்கார அக்கா எதிரே வந்து தன் படிவத்தைக் காட்டினாள்; அதில் தேன் என்று இருந்தது. "ஏத்தி வச்சுட்டாங்க, அண்ணே" என்றாள். சிரிக்க முயன்று முடியாமல் அளவுநாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பொன்னாடை தாழ்வாரத்தின் மறுகோடியில் மின்தூக்கியை நோக்கி விரைவதை அவர் கண்டார். தலைவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். பொன்னாடையின் உள்ளே ஒரு கையை மறைத்திருந்தார். நடை வேகமாகவும் குறுகலாகவும் இருந்தது.

"அக்கா, உங்க படிவத்தைக் குடுங்க" என்றார் லிஃப்ட்காரர். வாங்கிக்கொண்டு ஓடினார்.

அந்த மின்தூக்கியைக் காலையிலேயே அவர் பார்த்துவைத்திருந்தார். தொழில்காரன் கண் தானாகவே போகும். மடிப்புக் கதவுடைய பழைய பெட்டி. இயக்குபவர் பதவி பதினோர் ஆண்டுகளாகக் காலி என்றும், நிரப்பப்படும்வரை பயணிகளே பொறுப்பு என்றும் அருகில் எழுதியிருந்தது. கதவின் கொக்கி தேய்ந்திருந்தது. ஓட்டத்தில் அது ஒரு விரல் அளவு விலகினால் பெட்டி நின்றுவிடும். ஒரு விரல் அளவு இழுத்துவிட்டால் மீண்டும் ஓடும். இது உலகில் மிகச் சிலருக்கே தெரிந்த உண்மை.

உள்ளே நுழைந்ததும் கை பழக்கத்தால் கதவைச் சாத்தியது. வாய் பழக்கத்தால் கேட்டது. "எந்த மாடி, சார்?"

"நாலு. சீக்கிரம்."

விசைப்பிடியை அழுத்தினார். பெட்டி ஏறியது. பெட்டிக்குள் தாமாக முதலில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. இரண்டாம் மாடி கடந்தது. மூன்றாம் மாடி வருவதற்குள் பெட்டி ஒருமுறை சிலிர்த்து நின்றது. கொக்கி விலகியிருந்தது. ஒரு விரல் அளவு.

அவர் கை உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது. இருபத்தொன்பது ஆண்டுகளில் செய்யாத ஒன்றை அவர் செய்தார்; ஒன்றும் செய்யாமல் நின்றார்.

தலைவர் அபாய மணியை அழுத்தினார். அது எங்கோ ஒலித்தது.

"யார் வருவாங்க?"

"புகார்ப் பிரிவு" என்றார் தலைவர். சற்றுக் கழித்து, "விழா நாள்ல அவங்க வர்றதில்லை."

"சார், ஒண்ணு கேட்கணும்." லிஃப்ட்காரர் இரண்டு படிவங்களையும் நீட்டினார். "சிவப்புக்கு ஒரு கட்டம் வேணும். எனக்கு ஒண்ணு. கீழே ஒரு அக்காவுக்கு ஒண்ணு."

தலைவர் நிமிர்ந்து நின்றார். அந்நிலையிலும் உரை வந்தது. "நண்பரே, கட்டம் என்பது வெறும் கோடல்ல. நிறத்தைக் கழகம் உண்டாக்குவதில்லை, ஏற்றுக்கொள்கிறது. கழகம் ஏற்காத நிறம் நாட்டில் இல்லாத நிறம். ஆறாவது கட்டத்தை மீண்டும் திறப்பது என்பது ஒரு மதகை… ஒரு மதகைத் திறப்பதற்கு…"

அவர் நிறுத்தினார். நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. வலது கால் இடது காலின்மேல் ஏறிக்கொண்டது.

"மாத்தாதீங்க, சார்" என்றார் லிஃப்ட்காரர் தம்மையும் அறியாமல்.

தலைவர் மாற்றிவிட்டார். பொன்னாடைக்குள் மறைத்திருந்த கை நழுவி, சிறு கண்ணாடிப் புட்டி ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதற்குள் தெளிந்த வைக்கோல் நிறத்தில் ஏதோ இருந்தது. மிதந்துகொண்டிருந்த மெல்லிய நாரை லிஃப்ட்காரர் அடையாளம் கண்டார். காலையில் அவர் குடித்த இரண்டாவது குவளை.

"தயவுசெஞ்சு" என்றார் தலைவர். அது மேடைக் குரல் அல்ல. "அந்தக் குடுவையைக் குடுங்க."

லிஃப்ட்காரர் நாளைக்கான குடுவையைக் கொடுத்துவிட்டு மூலையை நோக்கித் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் ஓர் ஒலி கேட்டது, பிறகு அடங்கியது. திரும்பியபோது தலைவர் குடுவையைத் தரையில் வைக்காமல், விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றார். மேலே எரிந்த விளக்கின் ஒளி அதனூடே விழுந்து பொன்னாடையின் வெள்ளை ஓரத்தில் படிந்தது. மாதுளை நிறம்.

பெட்டியின் கம்பிகள் எங்கோ மெதுவாக முனகின.

"எவ்வளவு நாளா, சார்?"

"ஒரு வருஷம்."

"அந்த ஒப்புநீர்…"

"சோள நார்க் கசாயம். போன விழா நாள்ல நானே ஊத்தினேன். ஊரையே ஒரு வருஷமா அதோடதான் ஒப்பிட்டுட்டு இருக்கோம்." அவர் சுவரில் சாய்ந்தார். "முதல்நாள் பார்த்ததும் பயந்துட்டேன். அன்னைக்கே அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டேன். கட்டம் போயிட்டா…"

"அதுவும் போயிடும்னு நினைச்சீங்களா?"

"போகலை."

லிஃப்ட்காரர் அவரைப் பார்த்தார். அஞ்சி வந்த மனிதருக்கு முன்னால் தம்மைவிட அதிகமாக அஞ்சிய ஒருவர் நின்றார். "நான் எட்டு நாளாத் தூங்கலை, சார். நீங்க எப்படி ஒரு வருஷம்…"

"உரை எழுதுவேன்" என்றார் தலைவர்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து தூவலை எடுத்தார். லிஃப்ட்காரரின் படிவத்தை மின்தூக்கிச் சுவரில் வைத்து, ஐந்து கட்டங்களுக்கும் கீழே கையால் ஆறாவது கட்டம் ஒன்றை வரைந்தார். கோடு கோணலாக வந்தது. அதற்குள் சிவப்பு என்று எழுதி, அடியில் விடுகை அளிக்கப்பட்டது எனக் கையெழுத்திட்டார். தையல்கார அக்காவின் படிவத்திலும் அவ்வாறே செய்தார்.

"இன்னொண்ணு எழுதுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"யாருக்கு?"

"உங்களுக்கு."

தலைவர் மறுத்துத் தலையசைத்தார். "எனக்கு எழுதினா மேலதிகாரி கையெழுத்து வேணும். எனக்கு மேலே யாரும் இல்லை."

"இருக்காரு, சார். ஆனா அவர் கையெழுத்துப் போட மாட்டாரு. குடுங்க, நான் சாட்சிக்குப் போடறேன்."

விழா அழைப்பிதழின் பின்புறத்தில் மூன்றாவது சீட்டு எழுதப்பட்டது. லிஃப்ட்காரர் அதன் கீழே தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். எழுதி முடித்ததும் கதவின் அருகே சென்று நின்றார். தலைவர் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"சார், இதை ஒரு விரல் அளவு இழுத்தா ஓடும். நின்ன உடனேயே எனக்குத் தெரியும்."

தலைவர் திரும்பிக் கொக்கியைப் பார்த்தார். "அப்ப ஏன் இழுக்கலை?"

"பயம், சார்."

தலைவர் தலைகுனிந்து, "ம்" என்றார். கதவு இழுபட்டது. பெட்டி நகர்ந்தது. தலைவர் நான்காம் மாடி வேண்டாம் என்றார்; இருவரும் கீழே இறங்கினார்கள்.

மறுநாள் பெரிய மருத்துவமனையில், படம் எடுக்கும் அறைக்கு வெளியே இருந்த நீண்ட பலகையில் லிஃப்ட்காரரும் மனைவியும் தையல்கார அக்காவும் அமர்ந்திருந்தனர். சன்னலுக்கு வெளியே பனி இன்னும் கலையவில்லை. செவிலி வந்து, நீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளியும் என்றும், எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"இங்கேயும் அடக்கணுமா?" என்றாள் தையல்கார அக்கா.

"முடியலைன்னா சொல்லுங்கம்மா. முதல்ல உங்களை எடுத்துடறோம். கழிப்பறை அதோ, திறந்துதான் இருக்கு."

தையல்கார அக்கா அந்தத் திறந்த கதவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மட்டும் பழக்கத்தால் குறுக்கே ஏறிக்கொண்டது.

பலகையின் மறுகோடியில் ஒருவர் வந்து அமர்ந்தார். பொன்னாடை இல்லை, சாதாரணச் சட்டை. கையில் அழைப்பிதழ் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். லிஃப்ட்காரரின் மனைவி அவர் யாரென்று அறியாமல், "குளிருக்குச் சூடா இருக்கும், குடிங்க" என்று தான் கொண்டுவந்த பார்லித் தெளிவில் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரு கையாலும் வாங்கிக் குடித்தார். கழகத்தில் என்ன ஆயிற்று என்று லிஃப்ட்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆறாவது கட்டம் போடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஆராயறதுக்கு ஒரு குழு வச்சிருக்காங்க." அவர் சற்றே சிரித்தார். "நல்ல வேளை, நான் அதுல இல்லை."

லிஃப்ட்காரரின் எண் அழைக்கப்பட்டது. எழுந்தார். அறைக்கதவின் பித்தளைக் கைப்பிடி அவருடைய விசைப்பிடியைப் போலவே குளிர்ந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்; கண்ணை மூடினார்; தாயார் கற்பித்த துதியை உதடு அசையாமல் சொன்னார். இதுவரை அதில் தமக்கென்று எதையும் கேட்காதவர், இம்முறை தம்மையும் சேர்த்துக்கொண்டார். பின்னால் அமர்ந்திருந்த தையல்கார அக்காவையும் தலைவரையும் அடுத்தடுத்துச் சேர்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

அடைபட்ட வழிகள் திறக்க. மூலிகை தன் எல்லையை அறிந்த கைகளிலேயே என்றும் இருக்க. அஞ்சினோர்க்குத் தம் அச்சத்தைச் சொல்ல ஒரு செவி வாய்க்க. கண்ட நிறத்தை அதன் பெயராலேயே அழைக்கும் துணிவு எல்லார்க்கும் அமைக. ஏறியவர் யாவரும் நலமே இறங்குக.